காலுக்குக் கீழே போன தண்ணீர்

போன வாரம் எங்கள் தெருவில் ஓர் அதிசயம் நடந்தது.

யாருக்கும் லாட்டரி விழவில்லை. மழையும் பெய்யவில்லை - அது இந்த வருஷம் ரொம்பப் பெரிய ஆசை. தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்காரர்களும் காலையில் வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றோம். அவ்வளவுதான்.

இதில் என்னம்மா அதிசயம் என்கிறீர்களா? குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்தில் சும்மா நின்றோம் ஐயா!

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் யாரையாவது வாரிக்கொண்டிருப்பேன். "உங்களுக்கு நல்லதே கண்ணில் படாதா?" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். அம்மா தாயே, இந்த வாரம் பட்டுவிட்டது. இன்னும் எனக்கு வாய் மூடவில்லை.

காரைக்கால்காரர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. காவிரித் தண்ணீர் வரும் வரும் என்று பார்த்துக் கண் பூத்துப்போச்சு. அரசலாற்றில் இறங்கி, செருப்பு நனையாமல் அக்கரைக்குப் போகிறார்கள். கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புக் கரிக்க ஆரம்பித்தன. தெருக்கோடியில் உள்ள அடிபம்புத் தண்ணீரில் பால் திரிகிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது, சோப்பு போட்டால் நுரைக்குப் பதிலாகத் தயிர் மாதிரி எதுவோ மிதக்கிறது.

மிச்சம் இருப்பது குழாய்த் தண்ணீர் ஒன்றுதான். காலையில் ஒரு வேளை, கொஞ்ச நேரம்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நாங்கள் செய்த அட்டகாசம் இருக்கிறதே... எங்கள் தருமபுரத்து வீதியில் எல்லார் வீட்டுக் குழாயும் முதலில் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. தண்ணீர் ஏறவில்லை என்று ஒருவர் முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்குமா? தரையோடு தரையாக இறக்கினார். அடுத்தவர் பள்ளம் தோண்டினார். அதற்கடுத்தவர் இன்னும் ஆழமாக! கடைசியில் பார்த்தால், வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு குழி. குடத்தோடு பெண்கள் அதற்குள் இறங்கி நிற்கிறோம். ஒரு நாள் என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "எங்கே இருக்கே?" என்று என்னைத் தேடினார். நான் அவர் காலடியில்தான் இருந்தேன், குழிக்குள்.

இன்னொரு வேடிக்கை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதல்லவா? அதனால் எல்லோரும் குழாயைத் திறந்தே வைத்திருப்போம். கீழே ஓர் அலுமினிய அன்னக்கூடை. 'புஸ்ஸ்' என்று காற்று வந்து, 'டங்'கென்று முதல் சொட்டு விழும். அந்தச் சத்தத்துக்குத் தெருவே பாய்ந்து ஓடிவரும்.

எல்லார் வீட்டுக் குழாயும் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் தண்ணீர் எத்தனை தூரம் போகும்? தெருமுனையில் இருக்கிற எங்களுக்கு நாலைந்து குடம். நடுத்தெருவுக்கு ஒன்றிரண்டு. தெருக்கோடிக்கு வெறும் 'புஸ்ஸ்'தான்.

அந்தத் தெருக்கோடிக் கடைசி வீடுதான் செலின் அக்கா வீடு.

செலின் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. தையல் மிஷின் வைத்துத் தனி ஆளாய் நின்று மகள் ரீட்டாவை வளர்த்து, திருச்சியில் கட்டிக்கொடுத்தார். ரீட்டா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். குழந்தை அவசரப்பட்டுவிட்டது. நாள் நிறைவதற்கு முன்பே பிறந்து, எடை ரொம்பக் குறைச்சல். கையில் வாங்கவே பயமாக இருக்கும். "ரெண்டு மாசத்துக்கு இந்தப் பிள்ளையை எங்கேயும் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் பிள்ளை இருக்கிற வீட்டில் நல்ல தண்ணீர் இல்லை! உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி, பூ மாதிரி இருந்த உடம்பெல்லாம் செக்கச் செவேல் என்று தடித்துப்போயிற்று. குடிக்கவும் பிள்ளைக்கு ஊற்றவும் செலின் அக்கா வீடு வீடாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். நாங்களும் கொடுப்போம். ஆனால் தினமும் வாசலில் வந்து நிற்கிற முகத்துக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கும் தெரியும். ரெண்டாம் வாரத்தில் சிலர் வீட்டில் கதவு மெதுவாகத்தான் திறந்தது. செலின் அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்.

விஷயம் திருச்சிக்கு எட்டியது. சம்பந்தி சவரிமுத்து, ரீட்டாவின் மாமனார், தந்தி அடித்தது போல் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "வெள்ளிக்கிழமை வண்டியோடு வருகிறேன். தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போகிறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பேரப்பிள்ளை உடம்பெல்லாம் தடிப்பு என்று கேட்டால் எந்தத் தாத்தா சும்மா இருப்பார்? ஆனால் அத்தனை தூரம், அந்த வெயிலில், அந்தச் சிட்டுக்குருவி உடம்பை...

செலின் அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதார். "எம்பொண்ணு எங்கிட்ட இருக்கப்போறது இந்தக் கொஞ்ச நாளுதான் மங்களம். பச்சப்புள்ளைக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்த வக்கில்லாத வீடுன்னு சொல்லி அழைச்சிட்டுப் போனா, நான் மறுபடி அவங்க மொகத்துல எப்புடி முழிப்பேன்? வழியில புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்குவேன்?"

நான் என்ன செய்வேன்? நேராகத் தண்ணீர் சப்ளை ஆபீஸுக்கு நடந்தேன். சண்டை போடத்தான்!

அங்கே ஒரு ஜூனியர் இன்ஜினீயர். சின்ன வயசு. நான் மூச்சு விடாமல் கத்தி முடிக்கும் வரை கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். (அதுவும் அரை டம்ளர்தான்.) பிறகு சொன்னார்: "அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் பம்பை ஓட்டச் சொல்றீங்க. ஓட்டலாம். ஆனா கீழே நல்ல தண்ணி கொஞ்சம்தான் இருக்கு. அதுக்கு அடியில உப்புத் தண்ணி. மேல இருக்கறத அவசரமா உறிஞ்சினா, அடியில இருக்கறது ஏறி வந்துடும். ஒருதரம் உப்பு ஏறிட்டா அந்த போர்வெல் போனது போனதுதான். கடல் மணல்ல மட்டும் நிக்கலைம்மா. நமக்குக் கீழேயும் வந்துகிட்டு இருக்கு."

எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. மீன் வாங்கவும் காற்று வாங்கவும் போகிற நம்முடைய கடலா! நாம் தூங்கும்போது நம் வீட்டுக்கு அடியில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வருகிறதா? அதைத் தடுத்து நிறுத்துவது மேலே இருக்கிற அந்தக் கொஞ்சூண்டு நல்ல தண்ணீர்தானா? ஒரு குடத்தைக் கூடுதலாகப் பிடிக்கும்போது நாம் யாரோடு விளையாடுகிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சண்டையை மறந்துவிட்டேன். "அப்ப செலின் அக்காவுக்கு வழி?" என்றேன்.

"விடற தண்ணியே போதும்மா. எல்லாரும் குழாயை மூடி வச்சா பைப் முழுக்க நிறையும், ப்ரஷர் ஏறும், கடைசி வீடு வரைக்கும் போகும். அப்புறம் ஒவ்வொருத்தரா திறந்து பிடிச்சா எல்லாருக்கும் கிடைக்கும். உங்க தெருவுல எல்லாரும் ஒரே நேரத்துல திறந்து வச்சிருக்கீங்க. அதான் வினை."

அட, இவ்வளவுதானா!

அன்று சாயங்காலமே தெருக்காரர்களை எல்லாம் ஒன்றுகூட்டினோம். இன்ஜினீயரே சைக்கிளில் வந்து, பைப், வால்வு, ப்ரஷர் எல்லாம் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நாளைக் காலை எல்லோரும் குழாயை மூடி வைப்பது, செலின் அக்கா வீட்டில் குடம் நிறைந்ததும் அங்கிருந்து குரல் கொடுப்பது என்று முடிவானது.

மறுநாள் காலை வந்தது. தண்ணீர் வந்தது. செலின் அக்கா வீட்டுக்கு என்ன வந்தது?

புஸ்ஸ்.

"எங்க வூட்ல மூடித்தான் இருந்துச்சு" என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நானும் செய்தேன். எங்கள் குழாய் உண்மையிலேயே மூடித்தான் இருந்தது. கொஞ்சம் கசிந்திருக்கலாம்... வாஷர் பழசு. ஆனால் எல்லார் வீட்டு வாஷருமா ஒரே நாளில் பழசாகும்?

அவரவர் வீட்டுக்குள் அவரவர் நினைத்தது இதுதான்: 'மற்ற அத்தனை பேரும் மூடியிருக்கும்போது நான் ஒருத்தி கொஞ்சமாகத் திறந்தால் என்ன குறைந்துவிடும்?' இந்த 'நான் ஒருத்தி' தெரு முழுக்க இருந்தாள்.

இன்ஜினீயர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. சம்பந்தி வருகிற நாள்.

அப்போதுதான் கலியபெருமாள் வாயைத் திறந்தார். நடுத்தெருவில் குடியிருப்பவர், ஏதோ ஓர் ஆபீஸில் கிளார்க், சொந்த ஊர் பக்கத்தில் இருக்கிற பூவம். சம்பா போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் போய் வயலைப் பார்த்து வருபவர். இந்த வருஷம் பார்க்க ஒன்றுமில்லை. அது வேறு சோகம்.

"ஏங்க, இது மொறத் தண்ணிதானுங்களே?" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"எங்க வாய்க்கால்ல தண்ணி கம்மியா வந்தா மொற வப்போம். கடைமடைக்குத்தான் மொதல்ல. கடைசி வயலு பாஞ்சு முடிஞ்சப்புறம் அதுக்கு முந்தின வயலு. அப்புடியே மேல ஏறி வரணும். தலமடைக்காரருக்குக் கடைசி. ஆனா ஒண்ணுங்க... மொற இல்லாதவங்க வூட்ல இருக்கக் கூடாது. வாய்க்கா கரையில வந்து நிக்கணும். ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு. அப்பதான் எவனும் மம்பட்டியத் தொட மாட்டான். நீங்க எல்லாரையும் வூட்டுக்குள்ள வுட்டுட்டு கொழாய மூடுங்கன்னா, யாரு மூடுவா?"

எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஊரில் வயல் உண்டு. வயலில் அடுத்தவன் முறையில் மடையை வெட்டினால் கொலை விழும் என்று தெரிந்தவர்கள். அதே ஆட்கள் டவுனுக்கு வந்து, குழாய் என்று ஒன்றைப் பார்த்ததும் வீட்டுக்கு வீடு மடையை வெட்டி வைத்திருக்கிறோம்! வாய்க்கால் மண்ணாக இருந்தால் முறை. இரும்பாக இருந்தால் முறை கிடையாதோ? வாய்க்கால் பூமிக்கு அடியில் ஓடினால் அது வாய்க்கால் என்பதே மறந்துபோய்விடுகிறது.

"அப்ப எங்க வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் தலமட அக்கா. உங்களுக்குக் கடைசி." கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் செலின் அக்காவைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிப்பா, கடைசியாவே இருந்துட்டுப் போறோம்" என்றேன். அதோடு விட்டேனா? ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன். "நாளைக்குக் காலையில தண்ணி நேரத்துல எந்தப் பொம்பளையாவது வீட்டுக்குள்ள இருந்தா, உள்ள வந்து கைய பிடிச்சி இழுத்துட்டு வருவேன்" என்றேன். என் வாய்க்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சவரிமுத்து சீக்கிரமே வந்துவிட்டார். செலின் அக்கா வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. ரீட்டாவின் பெட்டி வெளியே வந்தாயிற்று. அவள் கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது.

நாங்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தோம். பெண்கள், ஆண்கள், நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்தவர்கள், எல்லோரும். காலிக் குடங்கள் வாசலில். குழாய்கள் மூடியிருக்கின்றன. மூடியிருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"என்னங்க இது, ஏதும் துக்கமா?" என்று சவரிமுத்து பதறிப்போய் கலியபெருமாளைக் கேட்டார்.

"இல்லைங்க. தண்ணி போவுது. அதுக்குத்தான்."

இன்ஜினீயர் தெருமுனை வால்வைத் திருகினார்.

வாசகர்களே, அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குழிக்குள் பைப் வெளியே தெரியும். அதில் முதலில் ஒரு முனகல். பிறகு 'கடகட'வென்று காற்று ஓடுகிற சத்தம். அப்புறம் அந்த இரும்பு, கண்ணெதிரே, வேர்க்க ஆரம்பித்தது. தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது! கையை நீட்டித் திருகினால் போதும். நான் நிற்கிறேன். அது என்னைத் தாண்டிப் போகிறது. அடுத்த வீட்டு வாசலில் அந்த அம்மாள் குனிந்து தன் குழியைப் பார்க்கிறார், நிமிர்கிறார், கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். தண்ணீர் அவரையும் தாண்டிப் போகிறது.

அப்படியே வீடு வீடாக... தலைகள் குனிவதும் நிமிர்வதும் தெருக்கோடி வரை போயிற்று. தண்ணீர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அந்தத் தலைகளைப் பார்த்தே தெரிந்தது. ஒரு கை அசையவில்லை. தண்ணீருக்காகப் போன மாதம் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்ட தெரு ஐயா இது! என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கோயிலில்கூட நான் இப்படி நின்றதில்லை.

"வந்துட்டு! வந்துட்டு!"

செலின் அக்காவின் குரல். அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல்.

ரீட்டா ஓடினாள். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது என்றால் நம்புவீர்களா? அத்தனை நிசப்தம்.

குடங்கள் நிறைந்ததும் செலின் அக்கா குழாயை இறுக்கி மூடினார். "அடுத்த வூடு தொறந்துக்குங்க!" என்றார்.

"ஏன் சம்பந்தி மூடுறீங்க? இப்பதானே நல்லா வருது! இன்னும் ரெண்டு குடம் பிடிச்சுக்கலாமே" என்றார் சவரிமுத்து.

"எங்க மொற முடிஞ்சிட்டுங்க" என்றார் செலின் அக்கா. எத்தனை வாரம் கழித்து அந்தக் குரலில் நான் நிமிர்வைக் கேட்டேன்!

ஒவ்வொரு வீடாகத் திறந்து, பிடித்து, மூடி, எங்கள் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் இளைத்துவிட்டது. ரெண்டு குடம் பிடித்தோம். வழக்கத்தில் பாதி. சமைத்தோம், குடித்தோம், யாரும் செத்துப்போகவில்லை.

சவரிமுத்து காரைத் திருப்பி அனுப்பினார். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். "ஒரு நாளைக்கு யார் வேணும்னாலும் நல்லவங்களா இருப்பாங்க. நாளைக்கும் பாத்துட்டுத்தான் என் முடிவைச் சொல்லுவேன்" என்று அங்கேயே தங்கிவிட்டார்.

அன்று பகலெல்லாம் எனக்கு அதே கவலைதான். அவர் சொன்னதில் என்ன தப்பு? இந்தத் தெருவை எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை கதவைத் திறக்கிறேன்... எனக்கு முன்னால் தெருவே வெளியே நிற்கிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான்தான் கடைசி. "என்னா அக்கா, தலமடைன்னா லேட்டாதான் வரணுமா?" என்று கலியபெருமாள் கிண்டல் செய்தார். சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையைக் கட்டி, எங்கள் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் இருந்து பார்த்தார். அதற்குள் பேரனுக்குத் தடிப்பு தணிந்து சிவப்பும் மறைய ஆரம்பித்துவிட்டது. ரீட்டாவின் பெட்டி மறுபடி உள்ளே போயிற்று. மத்தியானம் அவர் மட்டும் பஸ் ஏறினார். வழியனுப்ப நானும் செலின் அக்காவும் போயிருந்தோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார். "ஏன் சம்பந்தி, எங்க திருச்சியிலயும் இந்த மாதிரி செஞ்சு பார்த்தா என்ன? நடக்குமா?" என்று கேட்டார்.

செலின் அக்கா நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "கஷ்டம் சம்பந்தி. அங்கதான் தண்ணி இருக்கே."